விடாய்க்கு ஒரு கிரேக்கச் சொல்

கல்முனையில் வீடு வீடாகக் குடிதண்ணீர்ப் போத்தல் கொண்டுபோகும் லொறியில் ஞானசீலனும் மீராமுகைதீனும் ஒன்பது வருடமாக ஒன்றாக வேலை செய்கிறார்கள். மீராமுகைதீன் சாரதி. பெரிய போத்தல்களைத் தோளில் வைத்து மாடிப்படி ஏறுபவர் ஞானசீலன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தோடே மல்லுக்கட்டிய அவர், நாற்பத்து மூன்றாவது வயதில் தொலைபேசி வழி வகுப்பொன்றில் சேர்ந்து புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் படிக்கத் தொடங்கினார்.

"உங்களுக்கு என்னத்துக்கு இது?" என்று மனைவி சுலக்சனா கேட்டாள்.

"வேதத்த அதுட சொந்தக் குரலில கேக்கோணும் போல கிடக்கு."

அவள் கிரேக்க எழுத்துகளை ஒட்டுவதற்குக் குளிர்சாதனப் பெட்டியின் கதவை விட்டுக்கொடுத்தாள்.

2024 பெரிய வெள்ளி ஆராதனையில் பேசப் போதகர் அவருக்கு எட்டு நிமிடம் தந்தார். தலைப்பு, சிலுவையில் இயேசு சொன்ன ஐந்தாம் வார்த்தை: "தாகமாயிருக்கிறேன்." கிரேக்கத்தில் 'திப்ஸோ'. ஞானசீலன் பதினொரு பக்கம் எழுதினார். தண்ணீருக்கு வரும் தாகத்துக்கும் நீதிக்கு வரும் தாகத்துக்கும் அங்கே ஒரே வினைச்சொல்தான். வழக்கமாக அந்த வினை 'தண்ணீரில் கொஞ்சம்' என்று ஒரு பங்கை மட்டுமே கேட்கும். மலைப்பிரசங்கத்தில் மட்டும் நீதி முழுவதையும் கேட்கிறது என்று இலக்கணக்காரர் சிலர் சொல்வதையும் சேர்த்திருந்தார். வாசித்துக் காட்டியபோது மூன்றாம் பக்கத்திலேயே சுலக்சனா உறங்கிப்போனாள்.

அது முஸ்லிம்களின் நோன்பு மாதமும்கூட. பெரிய வெள்ளிக்கு முதல் நாள், வியாழக்கிழமை, மருதமுனையில் மர நிழலில் லொறியை நிறுத்தியபோது ஞானசீலன் கேட்டார்.

"மச்சான், நோன்பில விடாய் எப்பிடி இருக்கும்?"

"பின்னால எண்பது போத்தல் தண்ணி கிடக்கு. எனக்குத் தொண்ட காயுது. இதென்ன கேள்வி?"

"அவ்வளவுதானா?"

மீராமுகைதீன் சற்று யோசித்தார். "மத்தியானம் லுஹர் தொழுற வரைக்கும் தண்ணிதான் கண்ணுக்குள்ள நிக்கும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அதே விடாய்க்குள்ள ஒரு சந்தோசம் வந்திரும். ஆருக்காகக் காயிறம் எண்டு தெரியும்தானே. ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியா."

"கிரேக்கத்திலயும் பிரிக்கல்ல, மச்சான்," என்றார் ஞானசீலன். வீட்டுக்குப் போனதும் பதினொரு பக்கங்களில் பத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

மறுநாள் அவரும் உபவாசம். காலையிலிருந்து தண்ணீர்கூட வாயில் படவில்லை. ஆராதனையில் எழுந்து நின்று சனத்தைப் பார்த்ததும் பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "திப்ஸோ" என்றார். குரல் உடைந்து, காற்றும் கரகரப்புமாக வந்தது. பிறகு தண்ணீர் லொறி ஓட்டும் நோன்பாளியைப் பற்றிச் சொன்னார். ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

வாசலில், ஆராதனைப் பாட்டுகளுக்கு வாத்தியம் வாசிக்கும் பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தச் சொல்லைச் சொல்லக்குள்ள நல்லா நடிச்சீங்கள்."

"நடிக்கல்ல ஐயா, தண்ணி குடிக்கல்ல."

சுலக்சனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் இம்முறை ஒரு கணமும் கண்ணயரவில்லை.

அன்று மாலை ஞானசீலனும் சுலக்சனாவும் மீராமுகைதீன் வீட்டுக்கு நோன்பு துறக்கப் போனார்கள். அவர் மனைவி ஸகியா கஞ்சிக் கோப்பைகளை வரிசையாக வைத்தாள். பாங்கு கேட்டதும் இரண்டு ஆண்களும் ஒரே மூச்சில் தண்ணீர்க் கோப்பையை வெறுமையாக்கினார்கள்.

"சரி, விடாய் தீந்ததுக்குக் கிரேக்கத்தில என்ன சொல்லு?" என்று மீராமுகைதீன் கேட்டார்.

ஞானசீலன் கஞ்சியை ஊதியபடி சொன்னார்: "அந்தப் பாடம் இன்னும் வரல்ல, மச்சான்."