முடிச்சு அறவில்லை, பாவு அறுந்தது

அன்று எங்கள் தெருவில் இருந்தவர்கள்: நான், என் மனைவி கோமளா, எதிர்வீட்டு ஏகாம்பரம் மாமா. கூடவே, தறியில் ஏற்றுவதற்காக அவர் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த பட்டுப் பாவு, அதாவது சேலைக்கான நெடுக்கு இழைகள்.

நான் ஆரணியில் பட்டு நெய்கிறவன். ஏழாவதோடு படிப்பை விட்டவன். பல வருஷம் ஓடாமல் கிடந்த என் பைக்கை ஓட்டியே தீர்வது என்று வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்தேன். பயந்த சுபாவம் என்பதால் பிரேக்கைத் திரும்பத் திரும்பச் சோதித்தேன். ஆக்சிலேட்டர் கேபிள் நுனியில் அறுந்திருந்தது. கடை மூடியிருந்ததால் பட்டு நூலை முறுக்கி முடிச்சுப் போட்டேன். தறியில் தினமும் போடுகிற முடிச்சு, அதை மட்டும் சந்தேகப்படவில்லை.

தெருவில் வண்டியை முறுக்கியதும் அந்த முடிச்சு கேபிள் உறையில் சிக்கிக்கொண்டது. கையை விட்டும் வேகம் குறையவில்லை. பதற்றத்தில் பிரேக் நினைவுக்கே வரவில்லை.

"டேய், பாவு மேல வர்றியேடா!" என்று மாமா அலறினார்.

"சாவிய திருப்புங்க!" என்று கோமளா கத்தினாள்.

திருப்பினேன். முன்சக்கரம் பாவின் ஓரத்தில் புகுந்து நின்றது. யாருக்கும் அடியில்லை. இழைகள் கொத்தாக அறுந்திருந்தன.

மாமா குனிந்து பார்த்தார். "இன்னா கெட்டியா முடிச்சு போட்டுகிற! எம்பாவுதான் அறுந்துபோச்சு."

வண்டியை நான் விடவில்லை. புது கேபிள் போட்டேன். இப்போதெல்லாம் ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டு, அது தானாகத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே ஏறுகிறேன். பாவு நஷ்டத்தை மாமாவுக்குக் கூலியிலிருந்து கொடுத்து வருகிறேன். இன்னும் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பாக்கி.