வெறும் வாயோடு போன சாமி

தீவு நகரமான ஹொனியாராவில், சீனர்கள் கடை வைத்திருக்கும் சைனாடவுனில் லியோங் சியூ-மூயின் ரொட்டிக்கடை எரிந்தபோது அவள் அழுதது கடைக்காக இல்லை. அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்த அடுப்புச்சாமி படத்துக்காக.

அந்தப் படம் எரிவது ஒன்றும் புதிதில்லை. வருஷக் கடைசியில் அவளே எரிப்பாள். வீட்டில் நடந்ததையெல்லாம் மேலே போய் ஒப்பிப்பது சாமியின் வேலை. நல்லதாக நாலு வார்த்தை சொல்லட்டும் என்று வாயில் தேன் தடவிக் கொளுத்துவாள். புத்தாண்டுக்குப் புதுப் படம் ஒட்டினால் திரும்பி வந்துவிடுவார். இந்தத் தடவை வருஷத்துக்கு நடுவிலேயே கலவரக்காரப் பாவிகள் தெருவோடு சேர்த்து அவரையும் கொளுத்திவிட்டார்கள்.

"வெறும் வாயோட போயிட்டாரு. அங்க என்னென்ன உளறினாரோ! இனி இந்த ஊர் எனக்கு ஆகாது," என்றாள்.

கலவரத்தில் கடை இழந்த சீனர்களைச் சீனாவுக்கு அழைத்துப்போக அந்த நாட்டு அரசாங்கமே அனுப்பிய விமானம் வந்து நின்றது. அவளுக்கும் இடம் போட்டாயிற்று. கல்யாணமாகி வந்த ஊர் இது. ஆற்று வெள்ளத்தில் மாவுமூட்டை கரைந்தபோதும், புருஷன் செத்த மறுவாரமும் அடுப்பு மூட்டியவள். அவளே கிளம்பினால் மற்றவர்கள் எதை நம்பி இருப்பது? தெருவே அவள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாவம், சீனாவில் அவளை அடையாளம் தெரிந்தவர்கள் யாரும் மிச்சமில்லை.

எதிர்க்கடை குவான் கீ-மிங்குக்கு வாய் நீளம். அவன் கடையும் சாம்பல்தான்.

"ஏன்க்கா, சாமியை நாமளே முன்னாடியே கூப்பிட்டுக்கிட்டா என்ன?"

"புத்தாண்டு எங்க கிடக்கு! நாள் பாக்காம கூப்பிடுவாங்களாடா?"

"போனப்ப மட்டும் நாள் பாத்தா போனாரு? பெட்ரோல் ஊத்தியில்ல அனுப்புனானுங்க!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அவனைத் திட்டித் தீர்த்தாள்.

மறுநாள் பெட்டியோடு விமானத்துக்குக் கிளம்பியவள், வழியில் கடைப்பக்கம் திரும்பினாள். கூரை இல்லை, சுவர் இல்லை. செங்கல் அடுப்பு மட்டும் கரிபிடித்து நின்றது. உள்ளே கையை விட்டுத் தட்டிப் பார்த்தாள். விரிசல் இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

விமானம் போயிற்று. தெருவில் பாதிப் பேர் அதில் போனார்கள். மீதிப் பேர் மண்வெட்டி தேடினார்கள். கீ-மிங் ஒரு சிவப்பு அட்டையைக் கிழித்து, கரியால் சாமி பெயரை எழுதி அடுப்புக்கு மேல் செருகினான். படம் கிடைக்காத இடத்தில் பெயரே போதும். கடையில் வேலை பார்த்த தீவுப்பெண் நெரோலின் தன் வீட்டிலிருந்து மாவும் தேனும் கொண்டுவந்தாள். சியூ-மூய் விரலால் தேனைத் தொட்டு அந்த எழுத்தின் மேல் தடவினாள்.

"அய்யய்யோ அக்கா, அது போறப்பல்ல தடவணும்! இப்பத்தானே வந்திருக்காரு?"

"இருக்கட்டும்டா. இந்த ஊர்ல எப்ப கிளப்பிவிடுவானுங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்று மாவில் கை வைத்தாள்.