ஏரிக்கு ராசியில்லாத ஆள்

தூத்துக்குடிக்காரன் என்று சொன்னால் போதும், அமெரிக்காவில் இருக்கிற தமிழர்கள் எனக்கு மீன் பிடிக்கத் தெரியும் என்று முடிவு செய்துவிடுவார்கள். நான் வளர்ந்தது துறைமுகக் குவார்ட்டர்ஸில். அப்பாவுக்குக் கணக்குப் பிரிவில் வேலை. மீன் எனக்கு அறிமுகமானதே தட்டில்தான், அதுவும் முள்ளெடுத்து. ஆனால் 2006-இல் ஃப்ரீமான்டில் ஒரு பொள்ளாச்சிக்காரர் கேட்டபோது இதையெல்லாம் விளக்க மனசு வரவில்லை.

அவர் ஆபீஸில் எனக்கு அடுத்த க்யூபிக்கிள். அவர் டேட்டாபேஸ், நான் டெஸ்டிங். ஒரே அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸ் என்பதால் தினமும் அவர் காரில்தான் இருவரும் ஆபீஸ் போவோம். அந்த வருஷம் அவர் பதினாறு அடி அலுமினியப் படகு ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்க கடல்காரரு. நமக்கு வாய்க்கால்ல கெண்டை புடிச்சுத்தான் பழக்கம். நீங்க கூட வாங்க, உங்க ராசிக்கு அள்ளிட்டு வந்தர்லாம்."

"அதுக்கென்ன, போயிரலாம் கேப்டன்" என்றேன். அன்றிலிருந்து அவர் கேப்டன்.

நாங்கள் போனது பெரியெஸா ஏரிக்கு. ஃப்ரீமான்டிலிருந்து இரண்டு மணி நேரம். அங்கே கொக்கனி என்று ஒரு சால்மன் இருக்கிறது. மற்ற சால்மன் எல்லாம் கடலுக்குப் போய்விட்டு ஆற்றுக்குத் திரும்பி வரும். இது கடல் பக்கமே போகாது, ஏரியிலேயே இருந்துவிடும். ரெண்டு வருஷம் என்று சொல்லி வந்து இங்கேயே தங்கிவிட்ட எங்களைப் போல.

அதைப் பிடிக்கிற முறைக்கு ட்ரோலிங் என்று பெயர். படகை நடக்கிற வேகத்தைவிட மெதுவாக ஓட்டிக்கொண்டே தூண்டிலைப் பின்னால் இழுத்துப் போக வேண்டும். ஒரு ஈயக் குண்டு தூண்டில் நூலை நாற்பது அடி, அறுபது அடி ஆழத்துக்குக் கொண்டுபோகும். கம்பு வில் மாதிரி வளைந்து நிற்கும். மீன் கடித்தால் நூல் குண்டிலிருந்து கழன்று, கம்பு சட்டென்று நிமிரும். அது நிமிர்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. சனிக்கிழமை காலை முழுக்க ஒரு கம்பின் நுனியை முறைத்துப் பார்ப்பது. டெஸ்டிங் ஆளுக்கு இது புதிதில்லை.

மீன் எனக்குப் பெரிய விஷயமில்லை. படகின் முன்பக்கத்தில் கிழிந்த பச்சை மெத்தை போட்ட ஒரு இருக்கை இருந்தது. அதுதான் விஷயம். 2001-இல் நியூ ஜெர்சி எடிசனில் வேலை போய், குடும்பத்தோடு கலிஃபோர்னியா வந்தபோது நண்பர்கள் எல்லாரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஃப்ரீமான்ட் வந்து அஞ்சு வருஷம் ஆகியும், காரியம் இல்லாமல் என்னைக் கூப்பிடுகிற ஆள் என் மனைவி மட்டும்தான். அவளும் பெரும்பாலும் பால் வாங்கச் சொல்லத்தான் கூப்பிடுவாள். நாற்பத்தாறு வயதில் ஒருவர் 'சனிக்கிழமை வாங்க' என்று கூப்பிட்டது எனக்குப் பெரிய கௌரவமாக இருந்தது.

ஏழு சனிக்கிழமை போனோம். ஒரு மீன் இல்லை.

என் கம்பிலும் இல்லை, அவர் கம்பிலும் இல்லை. நாங்களும் சும்மா இருக்கவில்லை. குண்டை இருபதடியிலிருந்து எண்பதடி வரை இறக்கிப் பார்த்தோம். கொக்கிக்கு முன்னால் மினுங்கி மீனை இழுக்கிற தகட்டையும் மாற்றிப் பார்த்தோம்: பிங்க், ஆரஞ்சு, கிளிப்பச்சை. நேராகப் போனால் மீனுக்கு அலுத்துவிடும், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போங்கள் என்று தூண்டில் கடைக்காரர் சொன்னார். வளைந்து போனதில் இரண்டு நூலும் சிக்கி, அதைப் பிரிக்கவே பதினொரு மணியானது. கொக்கியில் வெள்ளைச் சோளம் குத்துவது வழக்கம். அதைப் பூண்டுச் சாற்றில் ஊறவைத்தால் வாசனைக்கு மீன் வரும் என்றார்கள். நாலாவது வாரம் நான் ஒரு படி மேலே போய், மௌரி அவென்யூ இந்தியக் கடையில் கட்டிப் பெருங்காயம் வாங்கி, கரைத்து ஊறவைத்துக் கொண்டுபோனேன். டப்பாவைத் திறந்ததும் கேப்டன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, மீன் புடிக்கறமா, ரசம் வெக்கறமா?"

"பூண்டுக்கு வருதுன்னா பெருங்காயத்துக்கும் வரும் வே."

வரவில்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, நாயோடு, தனியாக ஒரு சின்னப் படகில் சுற்றுவார். எங்களைத் தாண்டும்போதெல்லாம் ஒரு மீனைத் தூக்கிக் காட்டி, "எனி லக்?" என்பார். பதினொரு மணிக்கும் நான், "ஜஸ்ட் ஸ்டார்ட்டட்" என்று கத்துவேன். நாய்கூட நம்பவில்லை.

வீட்டுக்கு வந்தால் மகள் லேப்டாப்பிலிருந்து நிமிராமல் கேட்பாள்: "டாட், எனிதிங்?"

"வெதர் சூப்பர்மா இன்னிக்கு."

"ஸோ, நத்திங்."

எட்டாவது சனிக்கிழமைக்கு முன்தினம் கேப்டன் சொன்னார்: "நாளைக்கு வர முடியாதுங்க அண்ணாச்சி. ப்ரொடக்‌ஷன் சப்போர்ட் என் தலைல கட்டிட்டாங்க." பாவம் என்று நினைத்தேன். மதியம் போன் பண்ணி, சாப்பிட வருகிறீர்களா என்று கேட்கலாம் என்றுகூட நினைத்தேன். வேலையில் தொந்தரவு செய்ய வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு மதியம் பெல் அடித்தது. டெக்சஸ் இர்விங்கிலிருந்து மாற்றலாகி வந்து, எங்கள் காம்ப்ளெக்ஸில் புதிதாகக் குடியேறியிருந்த தம்பதி. அதில் அந்தப் பெண், கையில் ஒரு ஜிப்லாக் பையோடு நின்றாள். உள்ளே வெள்ளி மாதிரி இரண்டு மீன்.

"அங்கிளுக்கு மீன்னா உயிராமே! நேத்து இவர் ஏரிக்குப் போனாரு. ஃபர்ஸ்ட் டைம் அங்கிள், தூண்டிலே புடிச்சதில்ல. அஞ்சு கிடைச்சுது. ஆளுக்கு அஞ்சுதான் புடிக்கலாமாம், இல்லேன்னா இன்னும் புடிச்சிருப்பாராம்."

"யார் கூடம்மா போனாரு?"

"உங்க ஃப்ரெண்டுதான் கூட்டிட்டுப் போனார் அங்கிள். நீங்க நேத்து பிஸின்னு சொன்னாராமே?"

"ஆமா, ஆமா. பிஸிதான்" என்றேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மீனைப் பார்த்தேன். மகள் ஓடி வந்து பையைத் தொட்டு, "ஓ மை காட், டாட், தே ஆர் ரியல்!" என்றாள். ஏழு வாரமாக நான் கதை விட்டுக்கொண்டிருந்ததாக நினைத்திருக்கிறாள்.

மனைவி அதைப் புளி ஊற்றிக் குழம்பு வைத்தாள். சிவந்த சதை, உதிர உதிர வெந்திருந்தது. எப்படியாவது நன்றாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் வாயில் வைத்தேன்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி."

"ரெண்டாவது தடவை சோறு போட்டிருக்கீங்க. சும்மா சாப்பிடுங்க."

சாப்பிட்டு முடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கேப்டனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு தடவை ஏரிக்குப் போய் வந்ததும் எல்லாவற்றையும் எக்ஸெல் ஷீட்டில் ஏற்றி எனக்கு மெயில் பண்ணுவார். தேதி, கிளம்பிய நேரம், தண்ணீரின் சூடு, ஆழம், தகட்டின் நிறம், வேகம், பிடித்த மீன். ஆபீஸில் பார்க்கிற ஷீட்டே போதும் என்று நான் ஒருநாளும் திறந்ததில்லை. அன்று திறந்தேன்.

எக்ஸெல்லில் ஒவ்வொரு பத்திக்கும் மேலே ஓர் எழுத்து இருக்கும். ஏ, பி, சி என்று போய், ஜி-க்கு அடுத்து ஐ இருந்தது. நடுவில் ஹெச் இல்லை. இருபது வருஷம் அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் கண்ணுக்கு இது தப்புமா? யாரோ அந்தப் பத்தியை மறைத்திருக்கிறார்கள். இரண்டு கிளிக்கில் திறந்தேன்.

தலைப்பு: அண்ணாச்சி.

கீழே ஒவ்வொரு வரியிலும் யெஸ்ஸுக்கு 'ஒய்' அல்லது நோவுக்கு 'என்'. நான் போனால் ஒய். போகாத நாள் 'என்'. அவர் மைத்துனர் வந்த லாங் வீக்கெண்ட், தனியாகப் போன ஒரு வியாழக்கிழமை எல்லாம் 'என்'. 'என்' இருந்த வரிகளில் மூன்று, ஐந்து, நான்கு என்று மீன். ஒய் இருந்த ஏழு வரியிலும் பூஜ்யம். பூஜ்யங்களுக்கு மஞ்சள் கலர் வேறு அடித்திருந்தார்.

என்னைச் சுட்டது அந்த மஞ்சள்தான். ஒரு மனுஷன் உட்கார்ந்து, நிதானமாக, கலர் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

பிறகுதான் கிளம்பிய நேரத்தைப் பார்த்தேன். 'என்' போட்ட வரிகளில் நாலு மணி. ஒய் வரிகளில் ஏழே கால், ஏழு நாற்பது. ஏன் என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. சனிக்கிழமை காலையில் கேப்டன் எங்கள் வீட்டுக்கு வருவார். என் மனைவி இட்லி ஊற்றுவாள். வழியில் சாப்பிடத்தான் கட்டிக் கொடுப்பது, ஆனால் அவர், "சூடா ரெண்டு வெச்சுக்கறனுங்க அக்கா" என்று உட்காருவார். ரெண்டு எட்டாகும். பிறகு காபி. நாங்கள் ஏரிக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறி, மீன்களெல்லாம் டிபன் முடித்துவிட்டு ஆழத்துக்குப் போயிருக்கும். என் வீட்டு இட்லியைத் தின்று தாமதமாக்கிவிட்டு, என்னை ஒய் என்று குறித்திருக்கிறார்.

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு வழக்கம்போல் ஹார்ன் அடித்தார். ஏறி உட்கார்ந்தேன். ஃப்ரீவேயில் நாலு லேனும் அசையாமல் நிற்க, நாங்கள் கார்பூல் லேனில் பறந்தோம். காரில் இரண்டு பேர் இருந்தால்தான் அந்த லேனில் போகலாம்.

"சனிக்கிழமை சப்போர்ட் எப்படிப் போச்சு கேப்டன்?"

"அதையேன் கேக்கறீங்க, ஒரே ரோதனை."

"அஞ்சு மீனாமே."

அவர் காது சிவந்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணாச்சி. நான் ராசி கீசியெல்லாம் நம்பறவன் இல்லீங்க. டேட்டா சொல்லுதுங்க."

"மஞ்சள் கலரும் டேட்டாதான் அடிச்சுதா?"

அவர் ரியர்வ்யூ கண்ணாடியைச் சரிசெய்தார். "கிளம்பின நேரத்தைப் பாரும் வே. என் வீட்டுல நீர் திங்கிற இட்லிக்கு ஒரு பத்தி போட்டீரா?" என்றேன். எக்ஸிட்டுக்கு இண்டிகேட்டர் போட்டுக்கொண்டே சொன்னார்: "சரிங்க. ஒரே ஒரு வாட்டி. நாலு மணிக்கு, இட்லி இல்லாம. மீன் வந்துச்சுன்னா அந்த ஹெச்சையே அழிச்சர்றேன்."

"கார்பூல் லேனுக்கு மட்டும் நான் ராசியா இருக்கேன் பாத்தீரா?" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அந்தச் சனிக்கிழமை விடிகிற நேரத்தில் தண்ணீரில் இருந்தோம். பச்சை மெத்தை பனியில் நனைந்து பேன்ட் எல்லாம் ஈரம். நாற்பதடியில் பிங்க் தகடு. பூண்டுச் சோளத்தைக் கையுறை போட்டுக்கொண்டு குத்தினேன், பெருங்காய வாசனை மிச்சம் இருந்தால் வம்பு என்று. அரைமணி நேரம்கூட ஆகவில்லை. என் கம்பு நிமிர்ந்தது.

"இருக்குதுங்க! சுத்துங்க, சுத்துங்க, மெதுவா! வாய் பேப்பர் மாதிரிங்க, இழுத்தா கிழிஞ்சுரும்!"

சுற்றினேன். இழுப்பு ஒரு பக்கமாகப் போய், திரும்பி, படகுக்கு அடியில் போனது. பிறகு மேலே வந்தது. அதைப் பார்த்தேன். கை நீளத்துக்குப் பளபளவென்று, ஒரு கண் என்னைப் பார்த்தபடி. மகளிடம் என்ன சொல்வது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் பையை மேஜையில் வைத்துவிடுவது.

கேப்டன் வலையை எடுத்தார். மைத்துனர் பிடித்ததையும் அந்த இர்விங் தம்பி பிடித்ததையும் இதே வலையில்தான் அள்ளியிருக்கிறார். வலையைத் தண்ணீருக்குள் முதலிலேயே இறக்கி வைத்துக் காத்திருக்க வேண்டும், மீனை அதன் மேல் நான் கொண்டுவர வேண்டும். எனக்கே தெரியும். அவர் மேலிருந்து வீசினார். வளையத்தின் விளிம்பு நூலில் இடித்தது. கொக்கி மட்டும் காற்றில் ஆடியது.

"அடடா, போயிருச்சுங்களே."

அவர் முகத்தை அன்று எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. வருத்தம் இருந்தது. வருத்தத்துக்குக் கீழே வேறு ஏதாவது இருந்ததா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. கை தவறியிருக்கலாம்.

ஒன்பது மணிக்குக் காற்று பிடித்தது. அதற்குப் பிறகு யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. நாய்த் தாத்தாகூட எதையும் தூக்கிக் காட்டவில்லை.

சாயங்காலம் ஷீட் வந்தது. இந்தத் தடவை ஹெச் பத்தியை மறைக்கவில்லை, அந்த மட்டும் நாணயம். புது வரி: நாலு மணி, நாற்பதடி, பிங்க், ஒய், பூஜ்யம். மஞ்சள். கணக்கு சரிதான். படகுக்குள் வந்த மீன் பூஜ்யம்தான். வலை வரைக்கும் வந்த மீனுக்கு அவர் ஷீட்டில் இடம் கிடையாது. தொழில் புத்தி விடவில்லை, பதில் போட்டேன்: 'டிஃபெக்ட் ஒன்று. கடித்துத் தப்பிய மீனுக்குப் பத்தி இல்லை.'

திங்கட்கிழமை ஏழேகாலுக்கு ஹார்ன் அடித்தது. மனைவி ஜன்னலிலிருந்து பார்த்து, "போகாதீங்களேன், நான் கொண்டு விடுறேன்" என்றாள். "நான் இல்லேன்னா அவன் லேட்டாயிருவான்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கார்பூல் லேனில் அறுபத்தைந்து மைல் வேகத்தில் போனோம். பக்கத்தில் மற்ற கார்கள் நின்றுகொண்டிருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு கேப்டன் ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, வர்ற சனிக்கிழமை..."

"ப்ரொடக்‌ஷன் சப்போர்ட்டா?"

ஏசியைக் கொஞ்சம் குறைத்தார்.

"ஆமாங்க" என்றார்.