வெண்பொங்கலுக்கு முன் பத்துக் கிலோமீட்டர்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினேன். செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய் டிக்கெட். பையில் ஓடும் காலணி, நான்கு வாழைப்பழம், ஒரு பொட்டலம் பேரீச்சை. மறுநாள் காலை மாமல்லபுரம் கடற்கரையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். எழுபத்தைந்து நிமிடம் ஆனதும் முடிவுக் கோட்டில் கயிறு கட்டிவிடுவார்கள். கயிற்றுக்கு முன்னால் வருகிறவர்களுக்குத்தான் பதக்கம்.

சென்ற ஆண்டும் இதே ஓட்டத்துக்குப் போனேன். விடியற்காலையில் அம்மா, "வெறும் வயித்தோட போவாதடி" என்று நெய் மிதக்கும் வெண்பொங்கலை இரண்டு கரண்டி வைத்தாள். நான் எழுவதற்குள் இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள். அச்சரப்பாக்கம் பக்கத்தில் எங்கள் ஊரில் நாற்று நடப் போகிறவர்களுக்கு அவள் அப்படித்தான் வைப்பாள். சேற்றில் குனிந்து நடுகிறவர்களுக்கு அது மதியம்வரை தாங்கும். ஓடுகிற வயிற்றிலோ அது நனைந்த சாக்கு மூட்டைபோல் புரண்டது. ஏழாவது கிலோமீட்டரில், சவுக்குத் தோப்பை ஒட்டிய சின்னப் பாலத்தின்மேல் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். பின்னால் வந்த வேன் என்னை அள்ளிக்கொண்டு போனது.

ஊரில் கண்பட்டுவிட்டது என்றார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரி முடித்து, கணினி முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற முதல் ஆளும் நான்தான். அதனால் நான் தடுக்கி விழுந்தால்கூட அதற்குக் கண்தான் காரணமாகும். எனக்குக் காரணம் தெரியும். உடற்பயிற்சிக்கு முன் எதைச் சாப்பிடுவது, பின் எதைச் சாப்பிடுவது என்று ஒரு வருடமாகப் படித்தேன். என் வயிற்றிலேயே சோதித்தும் பார்த்தேன்.

இந்த ஆண்டு பெயர் கொடுத்ததைத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"இந்த வாட்டியும் நடுவுல வுய்ந்தின்னா, ஓட்டத்த அத்தோட வுட்டுடணும். இன்னா சொல்ற?"

"வுட்டுடறேன். ஆனா ஓடறதுக்கு முன்னாடி இன்னா துன்றதுன்னு நான்தான் சொல்லுவேன்."

"சரி. முன்னாடி ஒன்து. பின்னாடி என்து. குளிச்சிட்டு வந்து நான் போடறத துன்னணும்."

குளிக்காமல் சோறு இல்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வேர்த்த உடம்போடு சட்டிப் பக்கம் வந்தால், காய்ச்சலில் கிடக்கிறவர்கள் தவிர யாரையும் அம்மா விடமாட்டாள்.

பொத்தேரியில் மாணவர்கள் இறங்கியதும் பெட்டி காலியானது. பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி ஜன்னலுக்குள் வந்தது. வெயில் சாய்ந்து, தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகிவிட்டிருந்தன. ரயில் தரையில் ஓடுகிறதா, மிதக்கிறதா என்று தெரியவில்லை. கால்களுக்கு எடையே இல்லாததுபோல் இருந்தது. நாளைக்கும் இப்படியே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

செங்கல்பட்டில் அம்மா எனக்காக நின்றிருந்தாள். சித்தி ஊரான திருக்கழுக்குன்றம் அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர். வெள்ளைப் பலகைப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணமில்லை. வழியெல்லாம் வயல்களின்மேல் மெல்லிய புகை படர்ந்திருந்தது. குன்றின் உச்சியில் விளக்கு ஏற்றிய நேரத்தில் சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சித்தி வஞ்சிரம் வறுத்திருந்தாள். நான் நான்கு இட்லியும் கொஞ்சம் சாம்பாரும் போதும் என்றேன். முதல் நாள் இரவு மாவுச்சத்து வேண்டும், எண்ணெயும் காரமும் வேண்டாம்.

"மீனு வாசனைக்கு ஊர்ல கீற பூனையெல்லாம் வந்துட்ச்சி" என்றாள் அம்மா, முள்ளை எடுத்தபடி. "எம்பொண்ணு மட்டும் இட்லி துன்னுகினு ஒக்காந்துகீறா."

ஞாயிறு விடியலில் மிளகு வாசனைதான் என்னை எழுப்பியது. அம்மா அதற்கு முன்பே எழுந்து, குளித்து, அடுப்பருகே நின்றிருந்தாள். நெய்யில் முந்திரி பொரிந்தது. அதே வெண்பொங்கல். பாதி உறக்கத்தில் அந்த வாசனை என்னைச் சிறுபிள்ளையாக்கித் தட்டின் முன்னால் உட்கார வைத்தது. ஒரே ஒரு கரண்டி கேட்டுவிடலாமா என்று நாக்கு துடித்தது.

நான் பையைத் திறந்தேன். ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சை, கருப்பட்டி போட்ட வரக்காப்பி அரை டம்ளர். ஓடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இவ்வளவு போதும் என்று என் வயிறு எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. இன்னும் இரண்டு பேரீச்சையை இடுப்புப் பைக்குள் வைத்தேன்.

அம்மா என் தட்டைப் பார்த்தாள். "கிளி துன்ற மாதிரி துன்ற." அவ்வளவுதான் சொன்னாள். பொங்கலை ஹாட்பாக்ஸில் அடைத்து, மூடியைத் திருகி, துண்டால் கட்டினாள்.

மாமல்லபுரத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது ரூபாய். எங்கே இந்நேரத்தில் என்று ஓட்டுநர் கேட்டார். சொன்னேன்.

"ஓடறதுக்கு டப்பு வேற கட்டிகீறீங்களா? என்னாண்ட குட்த்திருந்தா நானே பின்னாடி தொரத்தியிருப்பேனே!"

"நீ பாத்து ஓட்டு நைனா" என்றாள் அம்மா. "பொங்கல் சாயப்போவுது."

"வாசனை தூக்குதுக்கா. ஒரு வாய் கெடைக்குமா?"

"அது ஓடி முடிச்சவங்களுக்கு."

சாலையின் இருபுறமும் மூடுபனி. அதற்குள்ளிருந்து ஒரு பனைமரம் வரும், போகும். கடல் கண்ணில் படுவதற்கு முன்பே உதட்டில் உப்புப் பட்டது.

ஆறு மணிக்குப் புறப்பட்டோம். கடலுக்குள்ளிருந்து சூரியன் இன்னும் முழுதாக வெளிவரவில்லை. தெற்கே ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். என் பக்கத்தில் ஓடியவர் கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து வந்திருந்தார். கணவருக்கு அங்கே வேலை, சொந்த ஊர் மதுரைப் பக்கம்.

"என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்டார். சொன்னேன். "நான் பச்சைத் தண்ணி மட்டுந்தான். வெறும் வயித்துல ஓடுனாத்தான் கொழுப்பு கரையும்ங்கிறாங்கள்ல?"

பதில் சொல்ல மூச்சைச் செலவழிக்க மனமில்லை. அலைச் சத்தத்தோடு என் காலடிச் சத்தம் சேர்ந்துவிட்டது. நான் ஓடவில்லை, யாரோ சாலையை என் காலுக்கடியில் உருவிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

திரும்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் பக்கத்துக் காலடி தடுமாறியது. அந்த அக்கா இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "கண்ணக் கட்டுதும்மா. நீ போ."

நின்றால் நேரம் போகும். நின்றேன். இடுப்புப் பையிலிருந்த இரண்டில் ஒரு பேரீச்சையை அவர் வாயில் வைத்து, சாலையோரக் கல்லில் உட்கார வைத்தேன். தன்னார்வலர் ஒருவர் தண்ணீரோடு ஓடி வருவதைப் பார்த்த பிறகே கிளம்பினேன்.

ஏழாவது கிலோமீட்டர். சவுக்குத் தோப்பு. அதே பாலம். அதன்மேல் போன வருடத்து நான் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு கணம் தெரிந்தது. மிச்சமிருந்த பேரீச்சையை வாயில் போட்டுக்கொண்டு, அவளைப் பார்க்காமல் கடந்தேன். வயிறு அமைதியாக இருந்தது. கால்தான் கெஞ்சியது. கெஞ்சட்டும் என்று விட்டுவிட்டேன்.

முடிவுக் கோட்டில் இரண்டு பேர் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அம்மா, ஹாட்பாக்ஸைக் குழந்தைபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்: "வாடி! வாடி! கயித்த கட்டறானுங்கடி!"

நான் தாண்டினேன். கயிறு எனக்குப் பின்னால் இறுகியது. கழுத்தில் யாரோ பதக்கத்தை மாட்டினார்கள்.

அம்மா கட்டிப்பிடிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "குளிச்சிட்டு துன்னு."

"சித்தி வூடு பதினஞ்சி கிலோமீட்டரும்மா. இப்பவே துன்னணும். அரிசியும் பருப்பும் உப்பும்தான் இப்ப ஒடம்பு கேக்குது. மூணும் உன் பொங்கல்ல கீது."

"வேர்வையோடவா?"

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா ஹாட்பாக்ஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள். அதற்குள் கல்பாக்கத்து அக்கா ஓட்டமும் நடையுமாக வந்து, கயிற்றுக்கு அடியில் நுழைந்து, சிரித்தபடி எங்களிடம் சேர்ந்தார்.

"யம்மா, இத கொஞ்சம் புட்ச்சிக்கோ" என்று அவர் கையில் ஹாட்பாக்ஸைக் கொடுத்த அம்மா, புடவையைத் தூக்கிச் செருகி, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

கணுக்காலுக்கு மேல் கடலில் நனையாதவள் என் அம்மா. இடுப்புவரை போனாள். முதல் அலை இருவரையும் உட்கார வைத்தது. எழுந்து இரண்டு கையாலும் அள்ளி என் தலையில் மூன்று முறை ஊற்றினாள். "குளிச்சாச்சி. வா."

கரைக்கு வந்ததும் அக்காவிடமிருந்து ஹாட்பாக்ஸை வாங்கிக்கொண்டு, "நீயும் ஒரு முங்கு முங்கிட்டு வா. அப்பதான் ஒனுக்கும் பொங்கல்" என்றாள். அவர் காலணியைக் கழற்றிவிட்டுக் கடலுக்குள் போனார்.

மூடியைத் திறந்ததும் ஆவி எழுந்தது. விரலில் ஒட்டியிருந்த கடல் உப்போடு முதல் கவளம் இறங்கியபோது, வெயில், அலை, சத்தம் எல்லாம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டன. நான்கு கவளத்துக்குப் பிறகுதான் பார்த்தேன். அம்மா என்னைவிட வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ காலைல ஒண்ணும் துன்னலியா?"

"நீ வெறும் வயித்தோட ஓடற. எனுக்கு எப்டி எறங்கும்?"

"நான்தான் பழம் துன்னேனே."

"அதெல்லாம் ஒரு நாஸ்தாவா?"

திரும்பும் பேருந்தில் ஈரம் காயும்வரை நின்றுகொண்டே வந்தோம். கைகளில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. ஊரப்பாக்கம் விடுதியில் நான் எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், குளித்தேனா என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சுதந்திரம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே என் ஓட்டம் முடிகிற இடத்தில் யாரும் நிற்பதும் இல்லை.

செங்கல்பட்டு நிலையத்தில் பிரிகிற நேரம் வந்தது. அம்மா என் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். "இது என்து." ஹாட்பாக்ஸை என் கையில் திணித்தாள்.

"இது இன்னாத்துக்கும்மா?"

"அட்த்த ஓட்டத்துக்கு எட்த்துகினு வா. கழுவி எட்த்துகினு வா."

ரயில் நகர்ந்தது. கொளவாய் ஏரி மறுபடி வந்தது. மடியில் வைத்திருந்த காலி ஹாட்பாக்ஸ், பொத்தேரி வரைக்கும் இளஞ்சூடாகவே இருப்பதுபோல் பட்டது.