கழுத்தளவு மணலில் மித்வல்லி

மித்வல்லிக்குப் பொய் சொல்லக் கை வேண்டும். நெஞ்சில் கை வைப்பான், கண்ணைத் தொட்டுக் காட்டுவான், பெண்டாட்டி தலையில் அடித்தே சத்தியம் செய்வான். எகிப்துப் பாலைவனச் சோலையான சீவாவில் பேரீச்சம்பழம் ஏற்றி அலெக்சாண்டிரியாவுக்கு லாரி ஓட்டுகிறவன் அவன். வழியில் நிற்கும் போலீஸ்காரர்கள்கூட அந்தக் கையை நம்பி விட்டுவிடுவார்கள்.

இந்த வருஷம் முழங்கால் வீங்கிக்கொண்டது. குதிகாலைத் தரையில் வைக்க முடியவில்லை, கண் வேறு சிவந்தது. ஜன்னல் காற்று பட்டதுதான் காரணம் என்றாள் பெண்டாட்டி இன்ஷிரா. அவனும் அதையே பிடித்துக்கொண்டான்.

மத்ரூஹ் நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விடவில்லை.

"ஒண்ணுக்குப் போறப்ப எரிஞ்சுதா?"

"எங்கம்மா மேல சத்தியமா இல்ல டாக்டரம்மா!" நெஞ்சுக்குப் போனது கை.

"கையைக் கீழ போடுய்யா. பரிசோதனையில கிருமி தெரியுது. அப்பவே வந்திருந்தா மூட்டு வரைக்கும் வந்திருக்காது."

எரிந்தது உண்மைதான். அலெக்சாண்டிரியாவில் ஒருத்தி வீட்டில் தங்கிவிட்டு வந்த பிறகு எரிந்தது. பார்லித் தண்ணீர் குடித்தான், அடங்கியது. ஆண்டவன் மன்னித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டான்.

வீக்கத்துக்குத் தனியாகவும் கிருமிக்குத் தனியாகவும் மாத்திரை எழுதிய டாக்டரம்மா, கிருமி மாத்திரையை மட்டும் இரட்டிப்பாக எழுதினாள். "இதுல பாதி உன் பொண்டாட்டிக்கு."

"அவ நல்லாத்தானே இருக்கா?"

"வெளிய தெரியாது. உள்ளயே இருந்து கர்ப்பப்பையைக் கெடுத்துடும். சொல்லிக் குடு. ஒரு வாரம் அவ பக்கம் போகாத."

இன்ஷிரா குழந்தைக்காக ஏங்கிக் கிடக்கிறவள். மாத்திரையைக் கொடுத்தே ஆக வேண்டும், காரணத்தைச் சொல்லவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் அவனுக்குக் கிடைத்த வழிதான் சீவா மணல் குளியல். மூட்டுவலிக்காரனை உச்சி வெயிலில் கழுத்து வரை புதைப்பார்கள். எடுத்த பிறகு குளிக்கக் கூடாது, காற்றில் நிற்கக் கூடாது, ஒரு வாரம் பெண்டாட்டி பக்கமே போகக் கூடாது. அந்தக் கடைசி விதியைக் கேட்டதும் மித்வல்லி மணலை மனதாரக் காதலித்தான்.

கஞ்சி வைத்துக் கொடுக்கக் கூடவே வந்தாள் இன்ஷிரா. புதைக்கும் முன் மாத்திரைப் பட்டையை அவள் கையில் திணித்தான்.

"சத்து மாத்திரை. குழந்தை தங்குறதுக்கு."

அவள் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மணல்காரன் ஹம்மூதா குழி வெட்டி, இறக்கி, கை கால் எல்லாவற்றையும் மூடி, தலைமாட்டில் குடை நட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.

இன்ஷிரா அருகில் உட்கார்ந்தாள்.

"உன் ஜிப்பாவைத் துவைச்சேன். பையில இதே மாத்திரையோட காலிப் பட்டை இருந்துச்சு. ஏய்யா, உன் முழங்காலுக்கும் குழந்தை தங்கணுமா?"

மித்வல்லி நெஞ்சில் கை வைக்கப் பார்த்தான். மணல் விடவில்லை. கண்ணைத் தொட முடியவில்லை. அவள் தலையோ எட்டாத உயரத்தில் இருந்தது. மூக்கின் மேல் ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது.

"வந்து... இன்ஷிரா... ஜன்னல் காத்து..."

"சொல்லு."

கையில்லாமல் பொய் வரவில்லை. எரிச்சல், பார்லித் தண்ணீர், அலெக்சாண்டிரியா, டாக்டரம்மா சொன்ன கர்ப்பப்பை, எல்லாம் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு வெட்கமாக இருந்தது, முகத்தை மூடக்கூட வழியில்லை.

இன்ஷிராவின் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டாள். அவனுக்கென்று வைத்திருந்த தண்ணீரை எடுத்து, அவன் பார்க்கப் பார்க்க முதல் மாத்திரையை விழுங்கினாள்.

"மன்னிச்சுடும்மா."

"பொண்டாட்டி பக்கம் எத்தன நாள் போகக் கூடாதாம்?"

"ஒரு வாரம்..."

"அது ஹம்மூதா கணக்கு. என் கணக்கை நான் அப்புறமா சொல்றேன்."

எழுந்து, கஞ்சி அடுப்பைப் பார்க்கப் போனாள். குடையை அவன் முகத்துக்கு நேராகச் சரித்துவிட்டுத்தான் போனாள். ஈயை மட்டும் விரட்டவில்லை.