தம்பியின் துணுக்கு

ஆய்வகத்தில் அவளுக்கு 'மூச்சடக்கி' என்று பட்டப்பெயர். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக உடல் திசுவை வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. பிசினில் இறுகிய துணுக்கை வைரக் கத்தி சீவும். தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய ஏடுகள், கத்தியை ஒட்டிய சின்னத் தொட்டி நீரில் வந்து மிதக்கும். அவற்றைப் பொட்டளவு செப்பு வலையில் ஏந்தி எடுத்தால்தான் நுண்ணோக்கியில் வைக்க முடியும். பக்கத்தில் யாராவது பெருமூச்சு விட்டாலே போதும், எல்லாம் சிதறிவிடும். இத்தனை வருஷத்தில் அவள் கை நடுங்கியதில்லை. யாருடைய சதை என்று தெரிந்தால்தானே? வெறும் எண்தான் வரும்.

இன்று தெரியும். தம்பியின் சிறுநீரகம்.

தாயில்லாத அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தான். ஊசி குத்தி இந்தத் துணுக்கை எடுத்தபோது ரத்தம் நிற்காமல், அவன் பிழைத்ததே பெரும்பாடு. இன்னொரு முறை குத்தினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நீயேதான் வெட்டணுமா?" என்றார் அடுத்த மேசைக்காரர், அவளைவிட மூத்தவர். அது யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

"உங்க கையில குடுத்தா வெங்காயம் நறுக்கின மாதிரி இருக்கும்ண்ணே."

"அப்போ எனக்குத்தானே அழுகை வரணும்? உனக்கு ஏன் கண்ணு கலங்குது?"

அவள் வெட்டும் இயந்திரத்தை ஓட்டினாள். முதல் ஏடுகள் வெள்ளியாய் மின்னின. சரியான மெல்லிசு. குச்சி நுனியில் ஒட்டிய இமைமுடியால் அவற்றை ஒதுக்கக் குனிந்தாள். இதற்குள் அவன் இருக்கிறான் என்ற நினைப்பு நெஞ்சை அடைத்தது. அவளைக் கேட்காமலே ஒரு விம்மல் வெடித்தது. ஏடுகள் தொட்டி விளிம்பில் சுருண்டு ஒட்டிப் பாழாயின.

பிசினுக்குள் மிச்சம் கொஞ்சம்தான். கைகளை மடியில் புதைத்தும் நடுக்கம் நிற்கவில்லை.

"அண்ணே, நீங்க உட்காருங்க."

"ஏன், வெங்காயம் ஆகிடாதா?"

"விளையாடாதீங்கண்ணே. பயமா இருக்கு. நான் தொட்டா அவனைக் கொன்னுடுவேன். அது என் தம்பியோடது."

அவர் முகத்தில் சிரிப்பு அணைந்தது. "வெளியில போய் நில்லும்மா. உன் மூச்சு இங்க வேண்டாம்."

கதவுக்கு வெளியே சுவரில் நெற்றியை வைத்து நின்றாள். உள்ளே இயந்திரத்தின் மெல்லிய ஓசை நிற்கும், தொடங்கும். அது நிற்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் வந்தது. அவனுக்கு முதன்முதலாய்ச் சோறூட்டிய விரல்களைப் பற்களால் கடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது.

"செப்பு வலையில ஏத்திட்டேன். ஒரு சுருக்கம் இல்ல."

அவள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு போன் செய்தாள். தம்பியின் குரல் கம்மியிருந்தது.

"அக்கா, மறுபடியும் குத்துவாங்களா?"

"இல்லடா, தேவையில்ல."

என்ன நோய் என்று அந்த ஏடுகள் இனிமேல்தான் சொல்லப் போகின்றன. அந்தப் பயத்தை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"மாத்திரை போட்டியா?"