அறுப்பின் பண்டிகையில் எடுத்த ஆடு

கல்யாணமாகி கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்த முதல் வருஷமே என் கணவர் அரை மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆட்டை ஏலத்தில் எடுத்தார். எங்களுக்கு ஆடு தேவைப்படவில்லை. அதைக் கட்ட இடமும் இல்லை. நாங்கள் இருந்ததே சுள்ளிக்கலில் ஒரு வீட்டின் பின்பக்கம், ஓர் அறையும் அடுக்களையும் மட்டும்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. இரண்டு பேரும் நாகர்கோவில் பக்கம். அவருக்கு பஜாரில் ஒரு சுக்கு, மிளகுக் கிடங்கில் எடை பார்த்து எழுதும் வேலை. சாயங்காலம் அவர் வருவதற்கு முன்னாலேயே சுக்கு வாசனை வந்துவிடும். நல்ல மனுஷன். யார் வந்து கையை நீட்டினாலும் கொடுத்துவிடுவார். சட்டைப் பையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுக்கிற பழக்கம் மட்டும் இல்லை.

எனக்கு அதுதான் பயம். என் அப்பாவும் விசுவாசி. "கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்லிச் சொல்லியே கடன் வாங்கினார். நாங்கள் சாயங்கால ஜெபத்துக்கு உட்கார்ந்திருக்கும்போது கடன்காரர் வாசலில் வந்து நிற்பார். அப்பா பாட்டை இன்னும் சத்தமாகப் பாடுவார். அம்மாவின் வளையல்கள் ஒவ்வொன்றாகப் போனதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் வீட்டில் ஜெபம் இருக்கும், கடன் இருக்காது என்று முடிவு செய்துகொண்டுதான் ரயில் ஏறினேன்.

எங்கள் தமிழ் சபை சின்னது. கிடங்குகளில் வேலை பார்த்தவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஹோட்டலில் இருந்தவர்கள், சில குமாஸ்தாக்கள். வருஷத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை வரும். ஊரில் என்றால் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். இங்கே யாருக்கு வயல் இருக்கிறது? ஆளாளுக்கு முடிந்ததைக் கொண்டுவருவார்கள். தேங்காய், பூசணிக்காய், அச்சப்பம், கோழி, சில சமயம் ஒரே ஒரு முட்டை. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். அங்கே விலை என்பது வேறு கணக்கு. ஒரு எலுமிச்சம்பழம் ஐந்து ரூபாய்க்குப் போகும். வாங்கியவர் அதை மறுபடியும் ஏலத்துக்கே கொடுப்பார். எல்லாரும் சிரிப்பார்கள், சபைக்குப் பணம் சேரும்.

அந்த வருஷம் யாரோ ஒரு கறுப்பு ஆட்டைக் கொண்டுவந்திருந்தார்கள். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அறுபது, எழுபது என்று ஏறிக்கொண்டே போனது. முன்வரிசையில் ஒரு குரல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு வசதியானவர் நம் சபையில் யாரடா என்று எட்டிப் பார்த்தால், என் வீட்டுக்காரர்!

"நூற்றிப் பத்து! ஒரு தரம், ரெண்டு தரம்..."

எல்லாரும் கைதட்டினார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. மெடல் வாங்கின பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் பின்தங்கியே நடந்தேன். அவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஆடு ஒவ்வொரு சுவரிலும் நின்று தேர்தல் போஸ்டரைக் கிழித்துத் தின்றது. "கட்சி பேதம் பாக்காத ஆடு, கேட்டியா?" என்றார். நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வீட்டுச் சொந்தக்காரி முன்பக்கத்தில் இருந்தார். கணவர் கல்ஃபில். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை இத்தா என்று கூப்பிடுவேன்; அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆட்டைப் பார்த்ததும் காலி செய்யச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். இத்தா முற்றத்தில் இறங்கி வந்து ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"எத்ர கொடுத்து?"

என் கணவர் விலையைச் சொன்னார்.

"ரெண்டு ஆட்டின்றெ விலை. ஆனா சாரமில்ல, போகட்டும், இது சினையாடு. பலாமரத்துல கெட்டிக்கோ மோளே."

சினையோ என்னவோ, என் கோபம் ஆறவில்லை. ஏலப் பணத்தை மாதக் கடைசிக்குள் சபையில் கட்ட வேண்டும். கட்டினால் வாடகை கிடையாது. மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் ஐயரைப் பார்க்கப் போனேன். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் வராந்தாவில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயரே, அந்த ஆட்டைத் திருப்பி எடுத்துக்கணும். எங்க நெலமைக்கு அது முடியாது."

ஐயர் பம்பைக் கீழே வைத்தார். "எனக்கே சங்கடமாத்தான் இருந்துச்சும்மா. கண்ணைக் காட்டினேன், அவரு ஆட்டைத்தான் பாத்தாரு. சரி, கொண்டுவந்து விட்டுடுங்க. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

இவ்வளவு சுலபமாகச் சரி என்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கைதட்டு வாங்கிக்கொண்டு நின்ற அந்த முகம் கண்ணுக்குள் வந்தது. அந்த முகம் ஆட்டைத் திருப்பி இழுத்துக்கொண்டு வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"வேண்டாம் ஐயரே. மாசா மாசம் கொஞ்சமா தாறேன். வாங்கிக்குவீங்களா?"

"தவணையிலயா?"

"ஆமா. சொன்ன தேதிக்குத் தருவேன்."

ஐயர் விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே இருந்து ஐயரம்மா வந்து என்னவென்று கேட்டார். "நம்ம சபையில மொத தடவையா ஒருத்தங்க தவணையில காணிக்கை குடுக்கறாங்க" என்றார் ஐயர். ஐயரம்மா எனக்குச் சாயா கொடுத்து அனுப்பினார்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் பேசிவிடுவது என்று இருந்தேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் முகம் கழுவிவிட்டு வந்ததும், "இனிமே சம்பளம் என் கையில வரணும்" என்றேன்.

"சரி."

"சரின்னா?"

"கல்யாணத்தன்னைக்கே குடுத்திருப்பேன். நீ கேக்கல. பைசா கையில இருந்தா எனக்கு ஒரு பரபரப்பு வந்துருதுட்டி. எங்கயாவது குடுத்தாத்தான் அடங்குது."

நான் அடுக்கி வைத்ததெல்லாம் வீணாகப் போயிற்று. சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு மட்டும். பத்துல ஒரு பங்கை மொதல்லயே எடுத்து வெச்சிரு. அது கர்த்தருக்கு. மீதி உன் இஷ்டம்" என்றார்.

"கிடங்குல வாங்கின முன்பணத்தைப் பிடிக்கறதுக்கு முன்னாடி உள்ள சம்பளத்துலயா, கைக்கு வர்றதுலயா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதை நீயே ஜெபம் பண்ணி முடிவு பண்ணு" என்றார்.

நான் ஜெபம் பண்ணினேன். கைக்கு வருவதில் என்று பதில் கிடைத்தது.

அடுத்த மாதத்திலிருந்து அடுக்களைப் பலகையில் மூன்று டப்பாக்கள். வாடகைக்கு ஒன்று, அரிசி சாமானுக்கு ஒன்று, பத்தில் ஒரு பங்குக்கு ஒரு பிஸ்கட் டப்பா. அவருக்குக் கைச்செலவுக்கு என்று ஒரு தொகை. சுமை தூக்குகிறவர்களுக்கு எல்லாம் தினமும் சாயா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், வாரத்துக்கு ஒருநாள் என்று மாற்றிக்கொண்டார். அந்த ஒருநாள் பெரிய திருநாள் மாதிரி ஆகிவிட்டது கிடங்கில். மீன் வாங்குவதை நானும் குறைத்தேன். ஆட்டுத் தவணை சொன்ன தேதிக்குப் போயிற்று. ஐயரம்மா ஒவ்வொரு தடவையும், "ஆடு சுகமா இருக்கா?" என்று விசாரிப்பார்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பிஸ்கட் டப்பாவின் மேல் எனக்குப் பக்தி இல்லை. பாதி வெறுப்புதான். இது மட்டும் இல்லையென்றால் எவ்வளவு சீக்கிரம் ஒரு கட்டில் வாங்கலாம் என்று கணக்குப் போடுவேன். அது மாறியது மழைக்காலத்தில்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு கொத்தனாருக்குச் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. சபைக்கு இரண்டு தடவைதான் வந்திருப்பார். மனைவியும் கைக்குழந்தையும் ஒரு ஷெட்டில். செய்தி கேட்டு என் கணவர் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். பழைய ஆள் என்றால் யாரிடமாவது வாங்கியாவது கொடுத்துவிட்டு வந்திருப்பார். இப்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாடகை டப்பாவைத் தொடப்பிடாது, தெரியும்" என்றார்.

நான் பிஸ்கட் டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தேன். அந்த மாதத்துப் பங்கும், ஆலயம் போக முடியாமல் மழையில் தங்கிப்போன காணிக்கையும் அதில் இருந்தன.

"இது கர்த்தருக்குள்ளதாச்சே" என்றார்.

"அந்தக் காலும் கர்த்தருக்குள்ளதுதானே" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு பேரும் ஒரு குடையில் போனோம். அந்தப் பெண்ணின் கையில் பணத்தைக் கொடுத்தபோது எனக்கு வலிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் அரிசி பத்திரமாக இருந்தது, வாடகை பத்திரமாக இருந்தது, கொடுக்கவும் இருந்தது. சின்ன வயதிலிருந்து கொடுப்பதையும் கடனையும் ஒன்றாகவே பார்த்துப் பழகியவள் நான். அன்றைக்கு அவை இரண்டும் வேறு வேறாகத் தெரிந்தன. திரும்பி வரும்போது மழை இன்னும் பலமாயிற்று. அவர் ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தார். நானும் கூடச் சேர்ந்து பாடினேன். தெருவில் ஆளே இல்லை.

அதற்கு முன்பே ஆடு இரண்டு குட்டி போட்டிருந்தது. இத்தா சொன்னது சரிதான். இரண்டையும் இத்தாதான் பார்த்துக்கொண்டார். குட்டிகள் குடித்தது போக மிஞ்சிய பாலில் இத்தா வீட்டுக்குக் கொஞ்சம், முனைச் சாயாக்கடைக்குக் கொஞ்சம். கடைசித் தவணைகள் பால் காசிலேயே தீர்ந்தன. "பாத்தியா, கர்த்தர் குடுத்தாரு" என்பார் அவர். "குடுத்தாரு, சரி. பலா இலை பறிச்சுப் போட்டது யாரு?" என்பேன். இத்தா முன்பக்கத்திலிருந்து, "ஞானாக்கும்!" என்று குரல் கொடுப்பார்.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு ஒரு குட்டியைக் காணிக்கையாகக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். இத்தாவும் பார்க்க வருகிறேன் என்றார். ஏலத்துக்கு அக்கம்பக்கத்தார் எல்லா மதத்தாரும் வந்து நிற்பது வழக்கம்தான். புறப்படும்போது என் கணவரிடம் சொன்னேன்: "இருபத்தஞ்சு ரூபா. இதுக்காக வருஷம் முழுக்கச் சேத்து வெச்சது. அதுக்கு மேல ஒரு பைசா கேக்கப்பிடாது."

"சத்தியமா கேக்க மாட்டேன்."

குட்டி ஏலத்துக்கு வந்தது. நாங்கள் கொடுத்த குட்டியையே அவர் கேட்க ஆரம்பித்தார்! பத்து என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து ஐயரம்மா கையைத் தூக்கிப் பன்னிரண்டு என்றார். அவர் பதினைந்து. ஐயரம்மா பதினெட்டு. இருபது. இருபத்திரண்டு. கூட்டம் ஆரவாரித்தது. ஐயரம்மாவுக்கு ஆட்டுக்குட்டி எதற்கு என்று திரும்பிப் பார்த்தேன். அவர் காதோடு காதாக இத்தா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கூச்சத்தில் முக்காட்டை வாய்வரை இழுத்துவிட்டிருந்தார். ஒவ்வொரு தடவை இத்தா சொன்னதும் ஐயரம்மாவின் கை மேலே போயிற்று.

"இருபத்தஞ்சு!" என்றார் என் கணவர்.

"முப்பது" என்றார் ஐயரம்மா.

முற்றம் முழுக்க என் கணவரைப் பார்த்தது. அவர் வாயைத் திறந்தார். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே என்னைத் தேடித் திரும்பினார். எனக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குட்டி இத்தாவுக்குப் போயிற்று. யாரை எதிர்த்து ஏலம் கேட்டோம் என்று தெரிந்ததும் அவர், "இத்தா, சொல்லியிருந்தா சும்மாவே தந்திருப்பேனே" என்றார்.

"சும்மா வாங்கினா பள்ளிக்கு என்ன கிட்டும்?" என்றார் இத்தா. ஆலயத்துக்கும் அங்கே பள்ளி என்றுதான் பேர்.

ஏலம் முடிகிற நேரம். கடைசியாக ஒரு கட்டுக் கப்பை, அதாவது மரவள்ளிக் கிழங்கு, மிஞ்சியது. மண் கூடக் கழுவாத கிழங்கு. யார் கொண்டுவந்தது என்று தெரியவில்லை. ஏலம் விட்டவர் களைத்துப்போய், "யாராவது கேளுங்கப்பா" என்றார். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் இருபத்தைந்து ரூபாய் அப்படியே என் முந்தானை முடிச்சில் இருந்தது.

"அஞ்சு ரூபா" என்றேன். என் வாழ்நாளில் நான் கேட்ட முதல் ஏலம்.

"அஞ்சு ரூபா, ஒரு தரம்..."

"பத்து" என்றேன்.

"அம்மா, உங்களை எதுத்து யாரும் கேக்கலையே!"

"பதினஞ்சு!"

தேடின செருப்பை விட்டுவிட்டு எல்லாரும் திரும்பி வந்தார்கள். ஐயர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் கணவர் ஓடி வந்து என் காதில், "ஏட்டி, என்ன ஆச்சு உனக்கு?" என்றார். "சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு இருபத்தைந்து வரைக்கும் நானே ஏற்றிக்கொண்டு போனேன். அதற்கு மேல் ஒரு பைசா கேட்கவில்லை.

அந்தக் கப்பையை அன்று சாயங்காலமே முற்றத்தில் பெரிய பாத்திரத்தில் வேகவைத்தோம். இத்தா மத்தி மீன் குழம்பு வைத்தார். கால் குணமாகிக் கம்பு ஊன்றி நடந்த கொத்தனாரும் குடும்பத்தோடு வந்தார். ஐயர் சைக்கிளில் வந்து, சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணி, எங்கள் எல்லாரையும்விட அதிகம் சாப்பிட்டார். இருபத்தைந்து ரூபாய்க் கப்பை எப்படி இருக்கிறது என்று என் கணவர் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே பரிமாறினார். நன்றாக வெந்து, மாவு மாவாக இருந்தது.